அட், இன், ஆன்: இரண்டெழுத்துத் தொல்லைகள்

இங்கிலீஷில் ஆளைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் இரண்டெழுத்துச் சொற்கள்தான். 'பியூராக்ரசி'க்கு எழுத்துத் தவறாமல் ஸ்பெல்லிங் சொல்லும் பையன், 'ஐ ஆம் குட் இன் மேத்ஸ்' என்று எழுதிவிட்டு இதில் என்ன தப்பு என்று கேட்பான். அந்த 'இன்'தான் தப்பு, 'குட் அட் மேத்ஸ்' என்று வர வேண்டும் என்றால் ஏன் என்பான். அதே பையன் 'வீக் இன் மேத்ஸ்' என்று எழுதினால் அது சரி. கெட்டிக்காரனுக்கு அட், மக்குக்கு இன். இதற்கு என்ன நியாயம் சொல்வது?

ஒரு நியாயமும் இல்லை. அப்படித்தான் வழங்குகிறது, அவ்வளவுதான். இதைச் சொல்ல வாத்தியார்கள் கூச்சப்படுவதால்தான் பிள்ளைகள் இல்லாத விதியைத் தேடி அலைகிறார்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலங்களில் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். பேங்க் பரீட்சைக்கும் எஸ்எஸ்சிக்கும் படிப்பவர்கள் வருகிறார்கள். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போகும் நர்ஸ்கள் வருகிறார்கள். தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக் கம்பெனிகளுக்குப் போய்வருகிறவர்களும் உண்டு, அவர்கள் தூங்கி வழிந்துகொண்டே வருவார்கள். எல்லாருக்கும் பொதுவான வியாதி ப்ரெபொசிஷன், அதாவது இந்த அட், இன், ஆன் வகையறா. டென்ஸ் கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடுகிறது. இது மட்டும் பிடிகொடுப்பதில்லை.

நோய் எங்கே தொற்றியது என்று எனக்குத் தெரியும். சின்ன வகுப்புப் புத்தகத்தில் ஒரு பூனைப் படம் இருக்கும். பூனை பெட்டிக்குள்ளே இருந்தால் இன், பெட்டிமேல் இருந்தால் ஆன், பெட்டிக்கு அடியில் இருந்தால் அண்டர். பூனைக்கும் பெட்டிக்கும் இது போதும். ஆனால் பிள்ளைகள் அந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டே ப்ளஸ் டூ தாண்டி, டிகிரியும் தாண்டிவிடுகிறார்கள். 'இன் என்றால் உள்ளே' என்று நம்புகிறவருக்கு 'இன் லவ்', 'இன் டெட்' எல்லாம் எப்படிப் புரியும்? காதலுக்குள் பூனை உட்கார்ந்திருக்கிறதா?

தமிழில் ஒரே ஒரு 'இல்' பார்க்கிற வேலையைப் பாருங்கள். கடலூரில் இருக்கிறேன். மேஜையில் வைத்தேன். பஸ்ஸில் வந்தேன். வாசலில் நிற்கிறார். இங்கிலீஷுக்குப் போனால் கடலூருக்கு இன், மேஜைக்கு ஆன், பஸ்ஸுக்கு பை, வாசலுக்கு அட். 'கு' இன்னும் மோசம். ஐந்து மணிக்கு என்றால் அட், ஊருக்கு என்றால் டு, பத்து ரூபாய்க்கு என்றால் ஃபார், கடலூருக்கு வடக்கே என்றால் ஆஃப். எதிர்த் திசையிலும் இதே கதைதான். இங்கிலீஷில் ஒரே 'வித்'தை வைத்துக்கொண்டு நண்பனோடு சாப்பிடுவார்கள், கத்தியால் வெட்டுவார்கள், ஒருவர் மேல் கோபமும் படுவார்கள். நமக்கு அங்கே ஓடு, ஆல், மேல் என்று மூன்று தேவைப்படுகிறது.

இதைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் மட்டும்தான் இப்படி முரண்டு பிடிக்கிற மொழி என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல் என்று அடுத்தடுத்து இரண்டு இயல்கள் இருக்கின்றன. ஐ உருபுக்கு இன்னது பொருள் என்று சொல்லிவிட்டுத் தொல்காப்பியர் நகர்ந்துவிடவில்லை. அது எந்தெந்தச் செயலோடு வரும் என்று பட்டியல் போடுகிறார். காத்தல், ஒத்தல், புகழ்தல், பழித்தல், பெறுதல், இழத்தல், காதலித்தல், வெகுளல், நோக்கல், அஞ்சல் என்று அது நீண்டுகொண்டே போகும். பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும்போது எதற்கு இவ்வளவு பெரிய பட்டியல் என்று தோன்றும். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் காரணம் விளங்கிவிடும். உருபு தனியாக நிற்பதில்லை. எந்த வினையோடு சேர்கிறது என்பதுதான் அதன் வாழ்க்கையே.

அடுத்த இயல் இன்னும் சுவாரஸ்யம். 'அச்சக் கிளவிக்கு ஐந்தும் இரண்டும்' வரும் என்கிறது ஒரு சூத்திரம், அதாவது அஞ்சுவதைச் சொல்லும்போது ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம். பழியை அஞ்சும் என்றாலும் சரி, பழியின் அஞ்சும் என்றாலும் சரி. இன்றைக்கு நம் வாயில் நான்காம் வேற்றுமைதான் முந்திக்கொண்டு வருகிறது, பாம்புக்குப் பயப்படுகிறோம். சார்தலுக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. அரசரைச் சார்ந்தான் என்பதை அரசர்கண் சார்ந்தான் என்றும் சொல்லலாம். தூணைச் சார்ந்தான் என்பதற்கு அந்தச் சலுகை கிடையாது. உடம்பால் சாய்வது வேறு, பிழைப்புக்குச் சாய்வது வேறு என்று உரைகாரர்கள் பிரித்துக் காட்டுவார்கள். இங்கிலீஷிலும் சுவரில் சாய்ந்தால் பெரும்பாலும் 'லீன் அகெய்ன்ஸ்ட்', நண்பனை நம்பிச் சாய்ந்தால் 'லீன் ஆன்'. இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் கோடு கிழித்திருப்பதைப் பார்த்து எனக்கு ஒரு நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தது. வகுப்பில் யாருக்கும் அந்த சந்தோஷம் தொற்றவில்லை என்பது வேறு விஷயம்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷிலும் பெயர்ச்சொல்லின் வாலில் வேற்றுமை விகுதிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை தேய்ந்து உதிர்ந்த பிறகு அந்தச் சுமையில் பெரும்பகுதி ப்ரெபொசிஷன் தலையில் விழுந்தது. அதனால்தான் இன்றைக்கு அவற்றின் வேலைக்கும் அர்த்தத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றுகிறது. 'வித்' என்ற சொல்லுக்குப் பழைய இங்கிலீஷில் 'எதிராக' என்று பொருள். 'வித்ஸ்டாண்ட்' என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 'ஃபைட் வித்' என்றால் சேர்ந்து சண்டை போட்டார்களா, ஒருவரோடொருவர் சண்டை போட்டார்களா என்ற குழப்பத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. இன்னொன்று: அணைப்பதற்குச் சொல்கிற ஆஃப், 'உடைய' என்று வருகிற ஆஃப், இரண்டையும் தமிழ் எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. அதில் தப்பில்லை. ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்களுக்கும் அது ஒரே சொல்லாகத்தான் இருந்தது.

சரி, வகுப்புக்கு வருகிறேன். தமிழர்கள் அதிகம் செய்யும் தப்பு ப்ரெபொசிஷனை விடுவது இல்லை, வேண்டாத இடத்தில் சேர்ப்பது. 'டிஸ்கஸ் அபௌட்' அதில் ராஜா. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்ற தமிழ் உள்ளே இருந்து தள்ளுவதால் 'அபௌட்' வந்துவிடுகிறது என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் இங்கிலீஷுக்குள்ளேயே இருக்கிறது. 'டிஸ்கஷன் அபௌட்' என்பது சரியான இங்கிலீஷ். பெயர்ச்சொல்லுக்கு உள்ள வாலை வினைச்சொல்லுக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பேங்க் பரீட்சையின் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் நிறைய தானாக விழுந்துவிடும். 'எம்ஃபசிஸ் ஆன்' சரி, 'எம்ஃபசைஸ் ஆன்' தப்பு. 'ரிக்வெஸ்ட்' பெயராக வந்தால் 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்', வினையாக வந்தால் வெறும் 'ரிக்வெஸ்ட் லீவ்'. தோசைக்கு 'ஆர்டர்' செய்யும்போது 'ஃபார்' வேண்டாம், 'என் ஆர்டர் ஃபார் டூ தோசாஸ்' என்றால் வேண்டும். கட்டடத்துக்குள் நுழைவது வெறும் 'என்டர்', நுழைவு என்றால் 'என்ட்ரி இன்டு'. 'ஆன்ஸர் டு த க்வெஸ்சன்' என்பது விடை, விடை சொல்வது 'ஆன்ஸர் த க்வெஸ்சன்'. ஒப்பந்தம் போடும்போது மட்டும் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்று வரும். அந்த விதிவிலக்கைக் கேள்வித்தாள் போடுகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சொல்வதிலும் கேட்பதிலும் வரும் 'டு' இதில் சேராது, அது சுத்தமான தமிழ்ச் சரக்கு. 'அவரிடம் சொன்னேன்' என்பதால் 'ஐ டோல்ட் டு ஹிம்', 'அவரிடம் கேட்டேன்' என்பதால் 'ஐ ஆஸ்க்ட் டு ஹிம்'. 'இடம்' என்ற உருபு நம் நாக்கில் அவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் 'கோப் அப் வித்'. இந்த 'அப்' எங்கிருந்து வந்ததென்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், மேடையில் பேசுகிற எல்லாரும் அதை விடாமல் சொல்கிறார்கள். 'கோப் வித்' போதும்.

தப்பு என்பது அறிவுக் குறைவு இல்லை என்று எனக்குப் புரியவைத்தவர் என் மாமனார். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர். 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது பள்ளிக்கூடத்துப் பையன். படிப்பெல்லாம் பிரெஞ்சு. இங்கிலீஷைப் பிறகுதான் பிடித்தார், நன்றாகவும் பேசுவார். ஆனால் அவர் வாயில் 'இட் டிபெண்ட்ஸ் ஆஃப்' என்றுதான் வரும். எந்தக் கடலூர்க்காரரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார். 'டிபெண்ட் ஆன்' நமக்கு எளிது, 'அவரை நம்பி, அவர் மேல் பாரத்தைப் போட்டு' என்று நினைத்தாலே ஆன் வந்துவிடும். பிரெஞ்சில் அந்த வினைக்குப் பின்னால் 'து' வரும், அது இங்கிலீஷில் ஆஃப் ஆகிறது. அதே மாதிரி 'இன்டரஸ்டட் பை' என்பார். அதுவும் பிரெஞ்சின் அச்சு.

காத்திருப்பதற்கும் தேடுவதற்கும் பிரெஞ்சில் ப்ரெபொசிஷன் கிடையாது. அதனால் அவர் 'ஐ ஆம் வெயிட்டிங் த பஸ்' என்பார். நம் பிள்ளைகள் 'பஸ்ஸுக்காக' என்று பழகியவர்கள், 'ஃபார்' போடத் தவறுவதில்லை. தேடுவதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று சேரும். 'கண்ணாடியைத் தேடுகிறேன்' என்பதால் நமக்கும் 'சர்ச்சிங் மை கிளாஸஸ்' என்றுதான் வருகிறது. 'சர்ச் ஃபார்' என்று சொல்லாவிட்டால் அர்த்தமே மாறிவிடும். 'போலீஸ் சர்ச்ட் த பேக்' என்றால் பையைச் சோதனை போட்டார்கள். 'சர்ச்ட் ஃபார் த பேக்' என்றால் பை காணாமல் போயிருக்கிறது.

மாமாவிடம் ஒருமுறை, "மாமா, 'டிபெண்ட்ஸ் ஆன்'னு சொல்லணும்" என்றேன். "ஏம்மா, அந்தாளு ஒண்ணுலேருந்து தானே தொங்குறான்? ஒண்ணு மேலயா தொங்குறான்?" என்று கேட்டார். லத்தீனில் அந்தச் சொல்லுக்குத் தொங்குவது என்றுதான் பொருள். என்னிடம் பதில் இல்லை.

நர்ஸ்களின் கதைக்கு வருகிறேன். ஓஇடி பரீட்சையில் எழுத்துப் பகுதி 45 நிமிஷம். நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள், இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகவோ டிஸ்சார்ஜ் ஆனவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்குத் தகவல் சொல்வதாகவோ. நம் பெண்கள் வார்டில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்கள், மருத்துவச் சொல் எதுவும் தெரியாமல் இல்லை. கடிதம் தடுமாறுவது இந்தச் சின்னச் சொற்களில்தான்.

'த பேஷண்ட் வாஸ் ஆபரேட்டட்' என்று எழுதுவார்கள். இங்கே எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், டாக்டர்கள் உட்பட. வெளியே போனால் 'ஆபரேட்டட் ஆன்' என்று வர வேண்டும். 'ஆன்' இல்லாமல் ஆபரேட் செய்யப்படுவது லிஃப்ட், கிரேன் மாதிரி மெஷின்கள். வலி என்று சொன்னால் 'கம்ப்ளெய்ன்ட் ஆஃப் பெய்ன்'. நோய் இருந்தால் 'சஃபரிங் ஃபிரம்'. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் 'அலர்ஜிக் டு'. இறந்தால் 'டைட் ஆஃப்'.

ஆனால் 'ஆன்' என்ற ஒரு சொல்லை இவர்கள்தான் எல்லாரையும் விட வேகமாகப் பிடிக்கிறார்கள். ஆன் ஆக்சிஜன், ஆன் டிரிப், ஆன் ஆன்டிபயாடிக்ஸ், ஆன் இன்சுலின், ஆன் டயட், ஆன் டியூட்டி, ஆன் கால், ஆன் லீவ். வரிசையாகக் கரும்பலகையில் எழுதினால் போதும், பெட்டிமேல் பூனை தானாக இறங்கி ஓடிவிடும். ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, ஆள் அதன் ஓட்டத்தில் இருக்கிறார் என்பதுதான் இங்கே 'ஆன்'. விளக்கு 'ஆன்' ஆகியிருக்கிறது என்று பாட்டி கூடச் சொல்கிறாரே, அந்த ஆன். வெறும் வயிற்றில் மாத்திரை மட்டும் 'ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்'. அதை இந்த வரிசையில் சேர்க்க முடியாது, அப்படியே விழுங்க வேண்டியதுதான்.

நேரம் சொல்வதில் தமிழ் இங்கிலீஷை விடத் தெளிவு என்று நான் அடித்துச் சொல்வேன். 'முப்பதாம் தேதிக்குள்', 'முப்பதாம் தேதி வரை'. இந்த இரண்டையும் எந்தத் தமிழரும் குழப்பிக்கொள்ள மாட்டார். முதலாவது பை, இரண்டாவது அன்டில். தமிழில் யோசித்துவிட்டு எழுதினால் இதில் தப்பே வராது. அரைகுறை இங்கிலீஷில் யோசிப்பவர்கள்தான் 'ஐ வில் ஃபினிஷ் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதுகிறார்கள். ஆனால் 'உள்' என்றால் 'வித்தின்' என்று பிடித்துக்கொண்டு 'கம் வித்தின் ஃபைவ் ஓ க்ளாக்' என்றால் அதுவும் ஆகாது. வித்தினுக்கு நீளம் வேண்டும். இரண்டு மணி நேரம், ஐந்து கிலோமீட்டர் என்று அளந்து காட்டினால்தான் அது வரும். கடிகாரத்தின் ஒரு புள்ளிக்கு பை.

வித்தின் என்றதும் எங்கள் ஊர்ச் சரித்திரம் ஞாபகம் வருகிறது. 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியர்களிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியது. சென்னையில் எலைஹு யேல் கவர்னராக இருந்த காலம். கோட்டைக்குச் சேர்ந்த நிலத்தை அளக்கச் சங்கிலி பிடிக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டியது, குண்டு போய் விழும் தூரத்துக்குள் இருப்பதெல்லாம் கம்பெனிக்கு. நாலாபக்கமும் சுட்டார்கள். எங்கே விழுந்ததோ அதுவரைக்கும் ஊர்கள் கைமாறின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் அந்தக் குண்டால் வந்ததுதான் என்பார்கள். மாணவர்களிடம் இதைச் சொன்னால் 'வித்தின் ரேஞ்ச்' அப்புறம் மறக்காது. ஒரு ப்ரெபொசிஷனுக்குள் எத்தனை கிராமம் அடங்கும் என்று கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

இடம் சொல்வதில் நாம் சறுக்குவது 'எதிரில்' என்ற சொல்லில். பிள்ளையார் கோயிலுக்கு எதிரில் என்றால் கோயில் வாசலில் பூக்கடை இருக்கும் இடமா, ரோட்டைத் தாண்டி மெடிக்கல் ஷாப் இருக்கும் இடமா? தமிழில் இரண்டும்தான். இங்கிலீஷில் வாசலில் என்றால் 'இன் ஃப்ரண்ட் ஆஃப்', ரோட்டைத் தாண்டி என்றால் 'ஆப்போசிட்'. கூரியர்காரர்கள் புண்ணியத்தில் இந்த வித்தியாசத்தை நிறையப் பேர் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 'பேக் சைடு ஆஃப் த ஹவுஸ்' மட்டும் ஒழிய மாட்டேன் என்கிறது. வெள்ளைக்காரர் காதில் அது வேறு ஒரு பின்பக்கமாக விழும், 'பிஹைண்ட் த ஹவுஸ்' போதும்.

வண்டிகளுக்கு மட்டும் ஓரளவு விதி உண்டு. எழுந்து நடக்கிற அளவுக்கு இடம் இருந்தால் ஆன்: பஸ், ரயில், கப்பல், விமானம். குனிந்து ஏறி உட்கார மட்டும் முடிந்தால் இன்: கார், ஆட்டோ. சைக்கிளும் குதிரையும் ஏறி உட்காருவதால் ஆன். காலையில் புதுச்சேரி பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போகிறவர் ஒருவர், "அப்ப எனக்கு என்ன மேடம்?" என்றார். ஆன் த ஃபுட்போர்டு.

இனி இடியம்ஸ். இதில் என் கட்சி கொஞ்சம் கறார். தெரியாவிட்டால் போடாதீர்கள். மரபுத்தொடர் என்பது ஒரு எழுத்துக்கூட நகராத கல்வெட்டு. 'அக்கம்பக்கம்' என்பதைப் பக்கம்அக்கம் என்று யாராவது சொன்னால் நாம் எப்படித் திரும்பிப் பார்ப்போம்? மேடைகளில் 'லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்' என்று நன்றியுரை சொல்பவரை இங்கிலீஷ்காரர் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பார். அங்கே 'த' கிடையாது. 'பை ஹுக் ஆர் க்ரூக்' என்பதிலும் இரண்டாவது 'பை' விழுங்கப்பட்டிருக்கிறது.

ப்ரெபொசிஷன் ஒன்று மாறினால் இடியம் தலைகீழாகிவிடும். கடன் கேட்டவர் காலில் விழுந்தார் என்பதை ஒரு பையன் 'ஹி ஃபெல் ஆன் ஹிஸ் ஃபீட்' என்று எழுதியிருந்தான். தமிழ்ப்படி பார்த்தால் பொருத்தம்தான். ஆனால் அதற்கு அர்த்தம், அந்த ஆள் அதிர்ஷ்டக்காரன், எங்கே விழுந்தாலும் நிமிர்ந்து நின்றுவிடுகிறான் என்று. கெஞ்சுவதற்கு 'ஃபெல் அட் ஹிஸ் ஃபீட்'. கை இன்னும் பொல்லாதது. காசு கையில் இருந்தால் இன் ஹேண்ட், உதவிக்கு ஆள் தயாராக நின்றால் ஆன் ஹேண்ட், பக்கத்திலேயே வந்துவிட்டால் அட் ஹேண்ட், தபாலில் போடாமல் நேரில் கொடுத்தால் பை ஹேண்ட், கட்டுக்கடங்காமல் போனால் அவுட் ஆஃப் ஹேண்ட். ஐந்தும் ஒரே கைதான்.

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். நம் பாடப் பயிற்சிகளில் அதற்குச் சாவே கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் இப்போது அதை விளையாட்டாகச் சொன்னால்தான் உண்டு. தானே புயலைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையில் இதைப் பார்த்தேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன புயல். அதற்குப் போய் பூனையும் நாயுமா? கூரை பறந்த வீட்டில் நின்றுகொண்டு ஜோக் அடிக்கிற மாதிரி இருந்தது. 'இட் ரெயின்ட் ஹெவிலி' என்று எழுதச் சொன்னேன். சாதாரணமாக இருக்கிறதே என்று முகம் சுளித்தாள். சாதாரணமாக இருப்பதுதான் அங்கே மரியாதை.

நல்ல இடியமும் உண்டு, முக்கியமாகக் கடலில் பிறந்தவை. தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவனுக்கு 'டேக்கன் அபேக்' என்பதை ஒரே நிமிஷத்தில் விளக்க முடிந்தது. பாய்க் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்பிப் பாயைப் பாய்மரத்தோடு அறைந்தால் கப்பல் திகைத்து நிற்கும். மனுஷனும் அப்படி நின்றால் டேக்கன் அபேக். 'பை அண்ட் லார்ஜ்' என்பதில் உள்ள 'பை', காற்றுக்கு முகம் கொடுத்து ஓட்டுவது. 'லார்ஜ்', காற்று பின்னாலிருந்து தள்ள ஓட்டுவது. இரண்டு விதத்திலும் நன்றாக ஓடுகிற கப்பல் மொத்தத்தில் நல்ல கப்பல். "வாடையிலயும் ஓடும், கச்சான்லயும் ஓடும்" என்றான் அவன். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

எது சரி என்பதில் இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. லண்டனில் 'அட் த வீக்எண்ட்', நியூயார்க்கில் 'ஆன் த வீக்எண்ட்'. லண்டனில் படிவத்தை ஃபில் இன் செய்வார்கள், நியூயார்க்கில் ஃபில் அவுட். 'டிஃபரண்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஃபிரம், டு, தேன் மூன்றும் வழங்குகின்றன. வாக்கியத்தை ப்ரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று இன்னும் சிலர் சொல்லித்தருகிறார்கள். அது 1672ல் டிரைடன் என்ற கவிஞர், பென் ஜான்சனைக் குறை சொல்லப்போய்க் கிளப்பிவிட்டது. லத்தீனுக்குப் பொருந்தும், இங்கிலீஷ் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. பேங்க் பரீட்சைக்காரர்களிடம் 'டிஃபரண்ட் ஃபிரம்' மட்டும் போடுங்கள் என்பேன், கேள்வித்தாள் பழைய பிரிட்டிஷ் வழக்கத்தை விட்டு நகரவில்லை. கம்பெனிக்காரர்களிடம் வாடிக்கையாளர் எந்த ஊரோ அந்த ஊர் வழக்கத்தைப் பாருங்கள் என்பேன்.

எனவே எல்லாவற்றையும் திருத்துவதில்லை. 'லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் இட் டுமாரோ மேடம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஓகே என்று பதில் போடுவேன். இந்தியாவில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. மாமாவின் 'டிபெண்ட்ஸ் ஆஃப்'ஐயும் விட்டுவிட்டேன். ஆனால் நர்ஸ்களின் கடிதத்தில் ஒரு இடம் வந்தால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவேன். 40 மில்லிகிராம் மாத்திரையை 'ரெட்யூஸ்ட் பை 10' என்றால் நோயாளிக்கு இனி 30. 'ரெட்யூஸ்ட் டு 10' என்றால் 10. பை, டு இரண்டும் இரண்டெழுத்து. போன வாரம் ஒரு பெண் அந்த இடத்தில் ப்ரெபொசிஷனே போடாமல் 'ரெட்யூஸ்ட் 10' என்று எழுதிக் கொடுத்தாள். "பத்தா குறைச்சாங்களா, பத்து குறைச்சாங்களா?" என்று கேட்டேன். குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, "பத்தா, மேடம்" என்றாள். அப்படியென்றால் டு போடு என்றேன்.